காயல்பட்டினத்து முடுக்குகள்: ஒரு பழம்பதியில் கற்ற தமிழ்ப் பாடம்

மொராக்கோ நாட்டின் ஃபெஸ் நகரைப் பற்றிய ஒளிப்பட நூல் ஒன்று நம் துறை நூலகத்தில் உண்டு. ஒருநாள் இடைவேளையில் இளங்கலை இரண்டாமாண்டு மாணவியர் சிலர் அதனைப் புரட்டிக் கொண்டிருந்தனர். இருபுறமும் தோள் உரசும் சந்துகள், பொதி சுமந்து செல்லும் கழுதைகள், தோலுக்குச் சாயமேற்றும் வட்டத் தொட்டிகள், வெளியே வெறுஞ்சுவரும் உள்ளே விரிந்த முற்றமுமாக நிற்கும் வீடுகள் ஆகியவற்றைக் கண்டு வியந்த ஒரு மாணவி, "அம்மா, இதுபோல் ஒரு பழைய ஊர் நமக்கு இல்லையே!" என்றாள். அவள் 'நமக்கு' என்று எவரைக் குறித்தாள் என்பதை நாம் கேட்கவில்லை. தமிழர்க்கு என்றாலும், முஸ்லிம்களுக்கு என்றாலும், கொங்கு நாட்டார்க்கு என்றாலும் அக்கூற்று ஆராயத் தக்கதே. "இருக்கிறது, போய்ப் பார்ப்போம்" என்று விடையிறுத்தோம். அவ்வாறு 2025 சனவரியில் காயல்பட்டினத்திற்கு நம் துறை மேற்கொண்ட இலக்கியப் பயணத்தின் பயனே இக்கட்டுரை.

ஃபெஸ் நகரம் எட்டாம் நூற்றாண்டின் இறுதியில் இதிரீசிய மன்னர்களால் தோற்றுவிக்கப்பட்டது. அங்குள்ள கரவிய்யீன் பள்ளிவாசலைக் கி.பி. 859இல் பாத்திமா அல்-ஃபிஹ்ரி என்னும் பெண்மணி நிறுவினார் என்பது வரலாற்று மரபு. அப்பள்ளிவாசலையொட்டி வளர்ந்த கல்விக்கூடம் இன்று பல்கலைக்கழகமாக விளங்குகிறது. மதிலுக்குட்பட்ட பழைய நகர்ப்பகுதியை 1981ஆம் ஆண்டு யுனெஸ்கோ நிறுவனம் உலக மரபுச் சின்னங்களுள் ஒன்றாக அறிவித்தது. இவையெல்லாம் அறிவுக்கு விருந்தே. ஆயினும் தமிழ் மாணவர் அந்நகரை நினைவிற் கொள்வதற்கு வேறொரு காரணமும் உண்டு. நம் கடற்கரையைப் பற்றிய ஒரு நேர்முகச் சான்று அந்நகரிலேதான் எழுத்து வடிவம் பெற்றது.

மொராக்கோவின் தாஞ்சியர் நகரில் 1304இல் பிறந்த இப்னு பதூதா, 1325இல் மக்கா நோக்கிப் புறப்பட்டுப் பல நாடுகளைச் சுற்றி, தில்லியில் நடுவராகப் பணியாற்றி, மாலத்தீவையும் இலங்கையையும் கண்டு, கப்பல் உடைந்த நிலையில் மாபர்க் கரையை அடைந்தார். 'மாபர்' என்பது அரபியர் நம் சோழ பாண்டியக் கடற்கரைக்கு இட்ட பெயர். அப்போது மதுரையில் ஆண்டவர் கியாசுத்தீன் தாமகானி. அவர் இப்னு பதூதாவிற்கு உறவுமுறையினர். எனினும் அம்மன்னர் பெண்களையும் குழந்தைகளையும் கொன்ற கொடுமையை அவர் மறைக்காமல் கண்டித்து எழுதியுள்ளார். உறவினர் அரசைப் பற்றி இவ்வளவு ஒளிவின்றி எழுதியவரின் பிற செய்திகளையும் நாம் நம்பிப் படிக்கலாம் எனத் தோன்றுகிறது. அவர் 'ஃபத்தன்' என்றொரு துறைமுகத்தைக் குறிப்பிடுகிறார். பருத்த மரத்தூண்கள் மேல் கடலுக்குள் எழுப்பப்பட்ட மரமண்டபம் ஒன்றும், கல்லாலான அழகிய பள்ளிவாசல் ஒன்றும், திராட்சையும் நல்ல மாதுளையும் அங்கு இருந்தனவாம். ஃபத்தன் என்பது 'பட்டினம்' என்னும் நம் சொல்லே. அது கிழக்குக் கரையின் எந்தப் பட்டினம் என்பதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. இச்செய்திகளையெல்லாம் அவர் தாயகம் திரும்பிய பின் ஃபெஸ் நகரில் இப்னு ஜுஸய் என்னும் புலவர் எழுத, 1355இல் நூல் நிறைவெய்தியது. மொராக்கோ நாட்டவர் நம் பட்டினத்தைப் பார்த்து எழுதி ஏறத்தாழ 670 ஆண்டுகள் ஆகின்றன. நாம் இன்னும் நம் பட்டினங்களைச் சரிவரப் பார்க்கவில்லை.

காயல் என்னும் பெயர்

பெரியநாயக்கன்பாளையத்தில் வாழும் நமக்குக் கடல் தொலைவான பொருள். குருடிமலையைப் பார்த்து விடியும் ஊர் இது. ஆலைச் சங்கும் வார்ப்படத் தொழிற்கூடங்களின் ஓசையுமே இங்குப் பொழுதை அளக்கின்றன. நம் மாணவருள் கோட்டைமேட்டிலிருந்து வருபவர் பலர். மேட்டுப்பாளையம், காரமடைப் பகுதிகளிலிருந்து வரும் பிற சமய மாணவரும் உளர். மாலையில் ஏறி இரவு முழுதும் பயணம் செய்து, விடியற்காலையில் ஆறுமுகநேரி உப்பளங்களின் வெண்குவியல்களைக் கண்டபோது, அவற்றைப் பனி என்று எண்ணி ஒரு மாணவன் கூவியதை இன்றும் துறையில் சொல்லிச் சிரிக்கிறோம்.

காயல் என்பது கடலையொட்டிய உப்பங்கழியைக் குறிக்கும் சொல். தாமிரபரணி கடலோடு கலக்கும் பகுதியிலும் அதன் தெற்கிலுமாக இப்பெயரில் மூன்று ஊர்கள் உள்ளன. பழையகாயல், புன்னைக்காயல், காயல்பட்டினம் என்பன அவை. சங்க காலத்து முத்துத் துறையாகிய கொற்கை இன்று கடலிலிருந்து விலகி உள்நாட்டு ஊராகிவிட்டது. ஆறு கொணர்ந்த வண்டல் கரையை வளர்க்க வளர்க்க, வணிகம் துறை விட்டுத் துறை பெயர்ந்தது. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் இங்கு வந்த மார்க்கோ போலோ 'காயில்' எனக் குறிப்பிடும் பெருந்துறை பழையகாயலே என்று, திருநெல்வேலி வரலாற்றை 1881இல் வெளியிட்ட கால்டுவெல் முடிவு செய்தார். காயல்பட்டினமே அது என்று கருதுவாரும் உளர். புன்னைக்காயலோ, 1578இல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' என்னும் தமிழ் நூலை அச்சேற்றிய அண்ட்ரிக் அடிகளார் நெடுங்காலம் வாழ்ந்த ஊர். ஓர் ஆற்றின் முகத்துவாரத்தைச் சூழ்ந்த சில கல் தொலைவுக்குள் சங்கத் தமிழும் கிறித்தவத் தமிழும் இசுலாமியத் தமிழும் அருகருகே வாழ்ந்திருக்கின்றன.

இத்துறைகளில் இறங்கிய பொருள்களுள் தலையாயது குதிரை. பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப், ஆண்டுதோறும் 1400 குதிரைகளைப் பாண்டியர்க்கு அளிக்கும் ஒப்பந்தம் இருந்ததாகவும், ஒவ்வொன்றுக்கும் 220 பொற்காசு விலை என்றும், வழியில் இறந்த குதிரைக்கும் விலை கொடுக்கப்பட்டது என்றும் எழுதுகிறார். குதிரையைப் பேணும் முறை அறியாததால் அவை இந்நாட்டில் விரைவில் மடிந்தன என்பது மார்க்கோ போலோவின் குறிப்பு. மடிய மடிய மீண்டும் வாங்க வேண்டியிருந்ததால் வணிகர்க்கு இழப்பில்லை!

இங்கே நம் கொங்கு நாட்டு மாணவர் ஒன்றைக் கருத வேண்டும். கொங்கு முஸ்லிம்களுள் இராவுத்தர் என்னும் பெயர் தாங்கிய குடும்பங்கள் மிகுதி; நம் குடும்பமும் அவற்றுள் ஒன்று. இராவுத்தர் என்னும் சொல் குதிரை வீரனைக் குறிப்பது. அருணகிரிநாதர் கந்தரலங்காரத்தில் மயிலேறும் முருகனையே இராவுத்தன் என அழைக்கிறார். மாணிக்கவாசகர் குதிரை வாங்கச் சென்ற கதையும் குதிரை வணிகனாக இறைவன் வந்த கதையும் நாம் அறிந்தவையே. கடற்கரையில் குதிரை இறக்கியவர்களின் ஊரை, குதிரையின் பெயரால் குடிப்பெயர் பெற்ற உள்நாட்டார் காணச் சென்றோம் என்று பயணத்தின்போது ஒரு மாணவன் சொன்னான். அதனைக் கட்டுரையில் சேர்த்துக்கொள்வதாக அவனுக்கு வாக்களித்திருந்தோம்.

தெருவும் முடுக்கும்

காயல்பட்டினத்தின் பழைய பகுதியில் குத்துக்கல் தெரு, சதுக்கைத் தெரு, மகுதூம் தெரு, கொச்சியார் தெரு, தீவுத் தெரு எனத் தெருக்கள் நீண்டு கிடக்கின்றன. பெயர்களைக் கேட்ட அளவிலேயே தமிழ் மாணவர் குறிப்பேட்டைத் திறந்துவிட்டனர். சதுக்கம் என்பது நாற்சந்தியைக் குறிக்கும் சங்கச் சொல். சிலப்பதிகாரத்தில் சதுக்கப்பூதம் காவல் நிற்கிறது. தெருப்பெயரைக் கேட்டதும் அச்சொல்லே மாணவர் நினைவுக்கு வந்தது.

தெருவை மட்டும் கண்டு திரும்புவோர் இவ்வூரில் பாதியையே கண்டவராவர். மறுபாதி முடுக்குகளில் உள்ளது. வீடுகள் தெருமுகத்தில் குறுகலாகவும் உள்ளே நெடுக நீண்டும் அமைந்துள்ளன. வீட்டு வரிசைகளுக்கிடையே, ஒருவர் பின் ஒருவராகச் செல்லத்தக்க ஒடுங்கிய பாதைகள் ஊடறுத்துச் செல்கின்றன. அவையே முடுக்குகள். ஒரு முடுக்கை மாணவியர் அளவு நாடாவால் அளந்தனர். மூன்றடிக்குச் சற்றே மிகுந்திருந்தது. இவை பெண்களுக்குரிய வழிகள். வீட்டுக்கு வீடு செல்லவும், திருமண வீட்டில் உதவவும், நோயுற்றாரைக் காணவும், பெண்கள் தெருவில் இறங்காமலே ஊரின் ஒரு கோடியிலிருந்து நெடுந்தொலைவு சென்றுவிடலாம். நம்முடன் வந்த ஆண் பேராசிரியரும் மாணவரும் தெருவிலேயே நின்றுவிட, மாணவியருடன் நாம் முடுக்கினுள் நுழைந்தோம். ஐந்து நிமிடத்தில் வேறொரு தெருவின் வீட்டு முற்றத்தில் இருந்தோம். ஆண்கள் சுற்றிவந்து சேரக் கால்மணி நேரம் ஆயிற்று.

ஃபெஸ் நகரின் சந்துகளோடு இவற்றை ஒப்பிட்டுப் பார்த்தோம். அங்கே பொதுத் தெருவிலிருந்து பிரியும் சந்து வரவரக் குறுகி ஒரு வீட்டு வாயிலில் முட்டி நின்றுவிடும். அயலார் உள்ளே வாராதிருக்க அமைந்த ஏற்பாடு அது. காயல்பட்டினத்து முடுக்கோ நின்றுவிடுவதில்லை. வீடுகளை ஒன்றோடொன்று இணைத்துக்கொண்டே செல்கிறது. இவ்வேறுபாட்டிற்குக் காரணம் கட்டடக் கலையில் இல்லை. திருமண முறையில் உள்ளது. இவ்வூரில் மணமகன் மணமகள் வீட்டிற்கு வாழ வருகிறான். பெண்ணுக்கு வீடு கொடுத்து மணம் முடிப்பது வழக்கம். எனவே அக்காள், தங்கை, பெரியம்மா, சின்னம்மா ஆகியோர் வீடுகள் அடுத்தடுத்து அமைகின்றன. ஆண்கள் இலங்கைக்கும் ஆங்காங்கிற்கும் வளைகுடா நாடுகளுக்கும் வணிகத்தின் பொருட்டுச் சென்றுவிட, தலைமுறை தலைமுறையாக அங்கேயே இருப்பவர் பெண்கள். அவர்கள் உறவின் வழித்தடமே முடுக்கு. கொங்கு நாட்டில் மருமகள் வேற்று வீட்டுக்குப் போகிறாள். அங்கே மருமகன் வருகிறான். இந்த ஒரு மாற்றம் ஓர் ஊரின் வரைபடத்தையே மாற்றிவிட்டிருக்கிறது.

இவ்விடத்தில் ஒரு வழக்காடல் நிகழ்ந்தது. காரமடையிலிருந்து வரும் மாணவி ஒருத்தி, "தெருவை ஆண்களுக்கு விட்டுக்கொடுத்துவிட்டு, முடுக்கை மட்டும் பெண்கள் வைத்துக்கொண்டார்கள் என்பதுதானே இதன் பொருள்?" என்று கேட்டாள். கேட்ட இடம் நம்மை வரவேற்றவர் வீட்டு நடுக்கட்டு. நமக்குச் சற்று நடுக்கமே. ஆனால் அவ்வீட்டு மூதாட்டியார் சினம் கொள்ளவில்லை. "ஊடு எங்க பேருல இருக்கு மவளே. தெரு யாரு பேருல இருந்தா என்ன?" என்றார். அறை முழுதும் சிரிப்பொலி. மாணவி சிரித்தாள், எனினும் நிறைவு கொள்ளவில்லை. கொள்ள வேண்டும் என்று நாமும் கருதவில்லை. சொத்துரிமையையும் நடமாட்ட உரிமையையும் ஒன்றாக வைத்து எண்ணுவது பொருந்தாது என்று திரும்பும் வழியில் அவள் சொன்னதைத் தன் கட்டுரையாகவே எழுதித் தருமாறு பணித்துள்ளோம்.

கல்லில் எழுந்த பள்ளிகள்

பள்ளிவாசல்களைப் பற்றிச் சுருக்கமாகவே கூறுவோம். அவற்றைப் பற்றி எழுதியோர் உளர். மெஹர்தாத் ஷொக்கூஹி என்னும் அறிஞர் தென்னிந்திய முஸ்லிம் கட்டடக் கலை பற்றி 2003இல் வெளியிட்ட ஆங்கில நூலில் காயல்பட்டினமும் கீழக்கரையும் விரிவாக ஆராயப்பட்டுள்ளன. பெரிய குத்பாப் பள்ளி, சிறிய குத்பாப் பள்ளி, காட்டு மொகுதூம் பள்ளி முதலியவை இவ்வூரின் தொன்மையான தொழுகைக் கூடங்கள். பழைய கற்பள்ளிகளில் வளைவும் குவிமாடமும் தேடிச் சென்ற மாணவர் ஏமாந்தனர். அங்கிருந்தவை கல்தூண், போதிகை, உத்தரம், கற்பலகை வேய்ந்த தட்டைக் கூரை ஆகியன. தூணில் பூவும் கொடியும் உண்டு, உருவம் இல்லை. கோயில் மண்டபம் எழுப்பிய தச்சர் மரபே, உருவத்தை மட்டும் விலக்கி, பள்ளிவாசலையும் எழுப்பியிருக்கிறது. அறுபட்டைத் தூண், எண்பட்டைத் தூண் என்று தம் கலைச்சொற்களைக் கொண்டே நம் மாணவர் அப்பள்ளியைப் படிக்க முடிந்தது. பாத்திமா அல்-ஃபிஹ்ரியின் பள்ளிவாசல் அந்நாட்டுச் செங்கல்லாலும் மரத்தாலும் ஓட்டாலும் ஆனது. இது இந்நாட்டுக் கல்லால் ஆனது.

மொழியிலும் இதே நிலைதான். வடநாட்டு முஸ்லிம் நமாஸ் என்பதை நாம் தொழுகை என்கிறோம், ரோஜா என்பதை நோன்பு என்கிறோம், ஈத் பெருநாளாயிற்று, மசூதி பள்ளிவாசலாயிற்று. பள்ளி என்பது சமணரும் பௌத்தரும் தம் உறைவிடத்துக்கு வழங்கிய சொல். காயல்பட்டினத்தார் தந்தையை வாப்பா என்றும் தாயை உம்மா என்றும் அழைக்க, நம் வீட்டில் அத்தா, அம்மா என்போம். ஆனால் சோற்றில் ஊற்றும் குழம்பிற்கு அங்கும் ஆணம், நம் வீட்டிலும் ஆணம். நண்பகல் உணவின்போது ஒரே பெருந்தட்டைச் சூழ்ந்து பலரும் அமர்ந்து நெய்ச்சோறு உண்டோம். தனித் தட்டுக்குப் பழகிய மாணவியர் முதலில் தயங்கினர். பின்னர்த் தட்டில் எவர் பக்கம் கறி மிகுந்தது என்பதில் பூசல் வந்தது!

பச்சைத் துணிப் பொதி

இனி இப்பயணத்தில் நாம் கற்ற பாடத்தைச் சொல்ல வேண்டும்.

காயல்பட்டினம் இசுலாமியத் தமிழிலக்கியத்தின் நாற்றங்கால்களுள் ஒன்று. அருணகிரியாரின் திருப்புகழ் யாப்பில் நபிகள் நாயகத்தின் மேல் திருப்புகழ் பாடிய காசிம் புலவர் இவ்வூரினர். உமறுப்புலவரின் வரலாற்றோடு இணைத்துப் பேசப்படும் சதக்கத்துல்லா அப்பா (1632–1703) இங்குப் பிறந்து கீழக்கரையில் அடங்கியவர். அவருடைய சகோதரர் சாம் சிகாபுத்தீன் வலியுல்லா 'இரசூல் மாலை' முதலிய மாலைகளைப் பாடியவர். ஏட்டிலிருந்த சீறாப்புராணத்தை 1842இல் முதன்முதலாக அச்சேற்றியவரும் இவ்வூர்ப் புலவரே. சேகனாப் புலவர் எனப் போற்றப்படும் செய்கு அப்துல் காதிறு நயினார் லெப்பை ஆலிம் அவர். உ.வே. சாமிநாதையர் பிறப்பதற்குப் பதின்மூன்று ஆண்டு முன்னர் நடந்த பதிப்புப் பணி இது என்பதை நம் மாணவர் நினைவிற் கொள்க.

இவற்றை வகுப்பில் பல்லாண்டு கற்பித்து வருகிறோம். ஆய்வியல் நிறைஞர் பட்டமும் இத்துறையிலேயே பெற்றோம். ஆனால் இவ்விலக்கியத்தின் பெரும்பகுதி எழுதப்பட்ட எழுத்தை நமக்குப் படிக்கத் தெரியாது. அது அரபுத்தமிழ். மொழி தமிழ்; எழுத்து அரபு. அரபியில் இல்லாத ட, ப, ங, ஞ, ண, ள, ழ போன்ற ஒலிகளுக்காகவும் எகர ஒகரங்களுக்காகவும், இருக்கும் எழுத்துகளில் புள்ளியும் குறியும் கூட்டிப் புதிய வடிவங்கள் அமைத்துக்கொண்டனர். காயல்பட்டினத்தில் பிறந்து கீழக்கரையில் வாழ்ந்த மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) மார்க்கச் சட்டங்களை விளக்கும் 'மகானி' என்னும் நூலை இவ்வெழுத்திலேயே எழுதி, ஊர் தோறும் பெண்கள் கற்கச் செய்தார். இது தமிழர்க்கு மட்டும் உரிய செயலன்று. மலையாளத்தில் அரபு மலையாளம் உண்டு; மலாய் மொழியில் ஜாவி உண்டு. மொராக்கோவிலேயே, அரபி அறியாத பெர்பர் மக்களுக்காக முகம்மது அவ்ஸால் என்னும் அறிஞர் பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மார்க்கச் சட்டங்களைப் பெர்பர் மொழியில், அரபு எழுத்தில், பாடலாக இயற்றினார். ஃபெஸ் நகரக் கல்விக்கூடங்களின் அரபியை எட்டாத மலைநாட்டுப் பெண்ணுக்கும் அப்பாடல் எட்டியது.

நம் வீட்டில் பச்சைத் துணியில் பொதிந்த சிறு நூல் ஒன்று இருந்தது, பாட்டியாரின் தாயாருடையது. அரபு எழுத்தில் இருந்ததால் அது வேதம் சார்ந்தது என்று கருதி உயரமான மாடத்தில் வைத்துப் போற்றினர். ஊதுவத்தி காட்டப்பட்டது, ஒருவரும் திறக்கவில்லை. குர்ஆன் ஓதக் கற்ற நாம் இளமையில் ஒருமுறை திறந்து பார்த்ததுண்டு. எழுத்துக் கூட்டினால் பொருள் தோன்றவில்லை. நம் அரபுக் கல்வியின் குறை என்று மூடிவிட்டோம். காயல்பட்டினப் பயணத்திற்கு அதனை உடன்கொண்டு சென்றோம்.

முன்னே சொன்ன மூதாட்டியாரிடமே அதனைக் கொடுத்தோம். எண்பது வயதைக் கடந்தவர். பேருந்தின் பெயர்ப்பலகையைப் படிக்க அவருக்குத் தெரியாது. தமிழ் நெடுங்கணக்கு அவர் கற்றதில்லை. கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு முதல் பக்கத்தைப் பார்த்தவர், மூச்சு விடாமல் இழுத்து இசையோடு படிக்கத் தொடங்கினார். தமிழ்! நல்ல தமிழ். அது பெண்கள் ஓதும் மாலைப் பாடல் ஒன்று. அத்தா வீட்டு மாடத்தில் நான்கு தலைமுறையாக வேதமென வணங்கப்பட்டது தமிழ்ப் பாட்டு. தமிழ் படித்துப் பட்டம் பெற்ற நாம் படிக்க இயலாத தமிழை, தமிழெழுத்து அறியாத ஒருவர் படித்துக்காட்ட, நம் மாணவியர் குறிப்பெடுத்தனர். அப்போது நாம் ஆசிரியராக அங்கிருக்கவில்லை.

அச்சுப் பக்கங்கள் முடிந்தபின் நூலின் இறுதியில் சில வெற்றுத் தாள்கள் இருந்தன. அவற்றில் கையெழுத்து. மூதாட்டியார் இசையை நிறுத்திவிட்டு, தாளைக் கண்ணருகே கொண்டு சென்று, மெதுவாகப் படித்தார். முதலில் பேறுகால மருந்துக்குச் சுக்கு, திப்பிலி, ஓமம், பூண்டு, கருப்பட்டி என்று அளவோடு ஒரு பட்டியல். பின்னர் ஒருவருக்குக் கொடுக்க வேண்டிய நெல்லின் கணக்கு. அதன்கீழ்க் குழந்தைகள் பிறந்த நாள்களும் கிழமைகளும். நம் பாட்டியாரோடு பிறந்தவர் ஐவர் என்பதே குடும்பத்தார் அறிந்தது. மூதாட்டியார் ஆறு படித்தார். நாம் மீண்டும் எண்ணச் சொன்னோம். ஆறுதான். மூன்றாவது ஒரு பெண் குழந்தை, வெள்ளிக்கிழமை பிறந்தது, ஞாயிற்றுக்கிழமை போயிற்று என்று எழுதியிருந்தது. வேறொன்றும் இல்லை.

"ஒங்களுக்குத் தெரியாதா?" என்று மூதாட்டியார் கேட்டார்.

தெரியாது. பாட்டியாருக்குத் தெரிந்திருக்கலாம், அத்தாவுக்குத் தெரியாது. தெரிந்திருந்தவர் அதனை எழுதி, எல்லாரும் பார்க்கும் உயரத்தில்தான் வைத்திருந்தார்.

நீர் கொண்டு சென்றவை

அவ்வீட்டின் சுவரில், நம் இடுப்பளவு உயரத்தில், ஒரு பழுப்புக் கோடு ஓடியது. 2023 டிசம்பர் 17, 18 நாள்களில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 செ.மீ.க்கும் மேல் மழை கொட்டியதைச் செய்தித்தாளில் படித்திருப்போம். ஓர் ஆண்டு மழைக்கு மேல் ஒரு நாளில் பெய்தது. அக்கோடு அப்போது வந்த நீரின் எல்லை. கீழ்க்கட்டுப் பெட்டியில் இருந்த தம் உம்மாவின் நூல்களெல்லாம் மாவாகக் கரைந்துவிட்டன என்று மூதாட்டியார் சொன்னார். நூல் போனது பற்றி அவர் பெரிதும் வருந்தியதாகத் தெரியவில்லை. அவற்றுள் பெரும்பகுதி அவருக்கு மனப்பாடம். "பேத்தி கம்ப்யூட்டர் படிச்சிருக்கா. இது வேணாமாம்" என்றதில்தான் குரல் சற்றுத் தாழ்ந்தது.

வெள்ளம் ஒருநாள் விருந்தாளி. அதனினும் மெதுவாக, நாள்தோறும் நிகழும் அழிவு வேறு. பழைய வீட்டை இடித்துக் காங்கிரீட்டு மாடி எழுப்பும்போது முடுக்குப் பக்கத்துக் கதவு மறைகிறது. குளிர்பதனப் பெட்டியின் வெப்பக்காற்றுப் பகுதி முடுக்குக்குள் நீட்டி நிற்கிறது. குடும்பம் சென்னையில் குடியேறியபின் பூட்டிய வீட்டின் பின்னே முடுக்கில் முள் வளர்கிறது. இதற்காக நாம் எவரையும் குறைகூற இயலாது. ஒழுகும் கூரையின்கீழ், வருவோர் பார்ப்பதற்காக ஒரு குடும்பம் வாழ வேண்டும் என்று சொல்ல நாம் யார்? கொங்கு நாட்டில் நாம் வாழ்ந்த ஓட்டு வீட்டையும் இடித்துத்தான் இன்றைய வீட்டைக் கட்டினோம். ஃபெஸ் நகரில் அரசும் உலக நிறுவனங்களும் பொருள் செலவிட்டு வீடுகளையும் கல்விக்கூடங்களையும் செப்பனிட்டு வருகின்றன. அங்கும் செல்வர் பழைய நகரை விட்டு வெளியேற, வீடுகள் பல சுற்றுலா விடுதிகளாயின. சுவர் நின்றது, வாழ்ந்தவர் போயினர். எது மேல் என்று நமக்குத் துணிந்து சொல்லத் தெரியவில்லை.

ஆனால் எழுத்தைக் காப்பதற்குச் சுண்ணாம்பும் கல்லும் வேண்டுவதில்லை. அரபு எழுத்தறிந்த மாணவர் அரபுத்தமிழ் கற்கச் சில வாரங்களே போதும். மதரசாவில் ஓதிய நம் மாணவரும், தமிழ் யாப்பு அறிந்த பிற சமய மாணவரும் ஒரே பலகையில் அமர்ந்தால், ஒருவர் எழுத்தைக் கூட்ட, மற்றவர் சொல்லைப் பிரித்துத் தருவார். தனித்தனியே இருவருக்கும் இயலாதது அது. காரமடை மாணவிதான் முதலில் இதனைக் கண்டறிந்தவள். மூதாட்டியார் இசைத்த அடியில் சீர் எங்கே பிரிகிறது என்று அவள் சொல்ல, கோட்டைமேட்டு மாணவி புள்ளிகளை எண்ணி எழுத்தை உறுதி செய்தாள்.

இப்போது வியாழக்கிழமை தோறும் மாலை வகுப்பு முடிந்தபின் பதினொருவர் துறையில் கூடுகின்றனர். நாம் பன்னிரண்டாவது. பேரூர்ப் பகுதியிலிருந்து ஒரு மாணவன் தன் வீட்டுப் பரணில் கிடைத்ததாக இரண்டு நூல்களைக் கொண்டுவந்தான். சமுதாயப் பெரியோர் தம் இல்லங்களில் பச்சைத் துணியிலோ தகரப் பெட்டியிலோ இத்தகையன இருப்பின், நூலைத் தர வேண்டியதில்லை. ஒளிப்படம் எடுத்துக்கொள்ள இசைவு தந்தால் போதும். இறுதித் தாள்களையும் மறவாமல் பார்க்க வேண்டுகிறோம்.

நம் நூலின் கையெழுத்துப் பகுதியில் மூன்று வரிகளில் மை பரவியுள்ளது. மூதாட்டியாரால் அவற்றைப் படிக்க முடியவில்லை. 'வெள்ளி' என்னும் சொல் மீண்டும் ஒருமுறை வருகிறது என்றும், அதன்பின் வருவது ஒரு பெயர்போல் தோன்றுகிறது என்றும் சொன்னார். சென்ற வியாழனன்று உருப்பெருக்கியின்கீழ் மாணவியர் முதல் எழுத்தை மட்டும் பிரித்தறிந்துள்ளனர்.